பிளெய்கு குறிப்பு: மறுவாசிப்பு

1965 பிப்ரவரி 7 அன்று அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டி அதிபர் ஜான்சனுக்கு எழுதிய குறிப்புக்கு ஒரு வாசிப்பு நிலைபெற்றுவிட்டது. அன்று அதிகாலை தென் வியட்நாமின் பிளெய்குவில் அமெரிக்க முகாம் தாக்கப்பட்டு எட்டுப் பேர் இறந்தனர். சைகோனிலிருந்து அங்கே சென்ற பண்டி, காயம்பட்டவர்களைக் கண்டு நிதானம் இழந்தார். அந்தக் கலக்கமே வட வியட்நாம் மீதான தொடர் குண்டுவீச்சுக்கு வழிவகுத்தது என்பார்கள். பண்டி கலங்கினார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பரிந்துரை அந்தக் கலக்கத்தில் பிறந்ததன்று.

குண்டுவீச்சுத் திட்டத்தை அவருடைய அண்ணன் வில்லியம் பண்டியின் பணிக்குழு 1964 நவம்பரிலேயே வகுத்துவிட்டது. 1965 ஜனவரி 27 அன்று மெக்ஜார்ஜ் பண்டியும் பாதுகாப்புச் செயலர் மெக்நமாராவும் அதிபரிடம், இப்போதைய போக்கு தோல்வியில்தான் முடியும் என்றனர். படைபலத்தைக் கூட்டுவது, பேச்சுவார்த்தையில் இறங்கி மிஞ்சியதைக் காப்பது என இரு வழிகளைக் காட்டி, முதல் வழியின் பக்கம் சாய்ந்தனர். பிளெய்கு தாக்குதலுக்கு அப்போது இன்னும் பதினொரு நாள் இருந்தது.

குறிப்பின் பின்னிணைப்பில் உள்ள ஒரு பகுதியே இங்கு முக்கியம். தொடர் பதிலடி வெல்லும் என்று உறுதி கூற முடியாது, வெற்றி வாய்ப்பு 25 முதல் 75 விழுக்காட்டுக்குள் எங்கேனும் இருக்கலாம் என்கிறார் பண்டி. தோற்றாலும் இக்கொள்கை தகும், இயன்றதையெல்லாம் செய்யவில்லை என்ற பழியாவது தணியும், அந்தப் பழி நம் நாட்டிலும் எடுபடக்கூடியது என்று மேலே செல்கிறார். 25க்கும் 75க்கும் இடையே என்பது மதிப்பீடே அன்று, மதிப்பிட மறுப்பது. நிதானம் இழந்தவர் கை இப்படி எழுதாது. வட வியட்நாமின் ஹனோய் அரசு பணியுமா என்ற கேள்வி பின்னுக்குப் போய், வாஷிங்டனில் அதிபர் என்ன பதில் சொல்வார் என்பது முன்னுக்கு வருகிறது. சீனாவைக் கம்யூனிஸ்டுகளிடம் இழந்தவர் என்று முன்னாள் அதிபர் ட்ரூமன் மீது விழுந்த பழியை மறக்காத ஜான்சனுக்கு இது எப்படி ஒலித்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. ஒரே ஆவணத்தைக் கொண்டு எழுதியவர் மனத்தை முற்றும் அளக்க முடியாது என்பதை ஏற்கிறேன்; வாதத்தின் கட்டுக்கோப்பு மட்டும் ஐயத்துக்கு இடம் தரவில்லை.

அதே குறிப்பு, பேச்சுவார்த்தை மூலம் விலகுவது தவணை முறையில் சரணடைவதே என்கிறது. ஜனவரியில் திறந்திருந்த இரண்டாம் வழி இங்கே அடைபடுகிறது. ஆலோசகரின் செல்வாக்கை நான் காண்பது இந்த இடத்தில்தான்.

பின்னிணைப்பை வரைந்ததில் பிறருக்கும் பங்குண்டு என்பார்கள். பரிந்துரையைத் தம்முடையதாக அதிபரிடம் சேர்த்தவர் பண்டி, அது போதும். ஜான்சன் எப்படியும் குண்டுவீசியிருப்பார் என்ற மறுப்பு சற்றுக் கனமானது. அதற்கான விடை, சில நாள்களில் துணை அதிபர் ஹம்ஃப்ரி எழுதிய குறிப்பில் இருக்கிறது. 1964 தேர்தலில் 61 விழுக்காடு வாக்குப் பெற்ற அரசுக்கு, அரசியல் ஆபத்து மிகக் குறைந்த ஆண்டு 1965தான், விலகுவதானால் இப்போதே விலகலாம் என்றார் அவர். பண்டி தொட்ட அதே உள்நாட்டு அரசியல் கணக்கை வைத்தே நேர் எதிரான முடிவுக்கு வர முடிந்தது. ஆகவே பண்டி எழுதியதை, சூழல் வேறு வழியின்றி எழுதவைத்தது என்று கொள்ள இயலாது. ஜான்சன் பிப்ரவரி 13 அன்று தொடர் குண்டுவீச்சுக்கு இசைந்தார். மார்ச் 2 அன்று அது தொடங்கியது. ஹம்ஃப்ரியோ வியட்நாம் ஆலோசனைகளிலிருந்து நெடுநாள் ஒதுக்கிவைக்கப்பட்டார்.