பல்லாவரம் சார்னோக்கைட்: வயது கணித்த வரலாறு

சார்னோக்கைட் என்பது பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் வழியாகத் தாம்பரம் சுற்றுவட்டாரம் வரை குன்றுகளாக நிற்கும், ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமம் கலந்த கரும்பாறை. உள்ளூரில் இதற்குக் கருங்கல் என்றே பெயர்; புறநகர் வீடுகளின் அஸ்திவாரத்திலும் ஜல்லியிலும் இது ஏராளமாகக் கலந்திருக்கிறது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கல்லும் இதே வகைப் பாறைதான் என்று கண்ட புவியியலாளர் தாமஸ் ஹாலண்டு, 1893இல் சார்னோக்கின் பெயரையே பாறைக்கு இட்டார். 1900இல் வெளியிட்ட விரிவான ஆய்வில், பாறைக்குழம்பு உறைந்து உண்டான தீப்பாறை இது என்று வாதிட்டார். இல்லை, முன்பே இருந்த பாறை பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியது என்றனர் பின்வந்தவர்கள். கனிமங்கள் ஏறக்குறைய எவ்வளவு வெப்பத்தில் விளைந்தன என்பதை நுண்ணோக்கி ஆய்விலிருந்து ஊகிக்கலாம். எப்போது விளைந்தன என்பதை ஊகிக்க வழியில்லை.

அதற்கு அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து எண்ண வேண்டும். ஜே. ஜே. தாம்சன் 1912–13இல் நியானில் 20, 22 என இரு நிறைகளைக் கண்டதும், ஆஸ்டன் 1919இல் அந்த முறையை நிறை நிறமாலைமானி என்னும் துல்லியமான கருவியாக்கி 1922இல் நோபல் பரிசு பெற்றதும் தெரிந்த கதை. பாறைக்கு அது பயன்பட்ட விதமே இங்கு முக்கியம். ருபிடியம்-87 சிதைந்து ஸ்ட்ரான்சியம்-87 ஆகிறது. அரை ஆயுள் ஏறத்தாழ 4,900 கோடி ஆண்டு. ஆனால் இரண்டின் அணு நிறையும் 86.909ஐ ஒட்டியே நிற்பதால், பாறைப் பணிக்குப் பயன்படும் காந்தம் அவற்றைப் பிரித்துக் காட்டாது. ஆகவே பாறைத்தூளை அமிலத்தில் கரைத்து, பிசின் குழாயில் ஸ்ட்ரான்சியத்தைத் தனியே வடித்த பிறகே நிறை நிறமாலைமானியில் ஏற்றுகிறார்கள். கருவியின் புகழில் இந்த வேதியியல் உழைப்பு மறைந்துவிடுவது நியாயமில்லை.

கருவி தருவது வயதை அல்ல, விகிதத்தைத்தான். ஒரே பாறைத்தொகுதியில் ருபிடியம் கூடியும் குறைந்தும் உள்ள பல மாதிரிகளை அளந்து வரைபடத்தில் இட்டால், அவை ஒரு நேர்கோட்டில் அமையும்போது அதன் சாய்வு வயதைத் தரும். 1969இல் கான்பெராவைச் சேர்ந்த கிராஃபோர்டு தென்னிந்தியப் பாறைகளுக்கு இம்முறையைக் கையாண்டபோது, சென்னைச் சார்னோக்கைட்டுக்கு 250 கோடி ஆண்டை ஒட்டிய வயது கிடைத்தது.

இதை அப்படியே நம்பலாமா என்று கேட்பதில் வலு உண்டு. சார்னோக்கைட் விளையும் கொடும் வெப்பத்தில் ருபிடியம் பாறையை விட்டு வெளியேறக்கூடியது; அப்படியானால் நாம் அளப்பது பாறையின் பிறப்பையா, அது வெந்த காலத்தையா? இந்த ஒரு முறையை மட்டும் வைத்துக்கொண்டு விடை சொல்ல முடியாது. எனவேதான் எளிதில் இடம்பெயராத சமேரியம்–நியோடிமியம் இணை தேவைப்பட்டது. 1987இல் வெளியான அந்த அளவீடும், பிழை எல்லை அகலமாக இருந்தாலும், அதே 250 கோடியின் பக்கமே நின்றது. சிதைவு வேகமே முற்காலத்தில் வேறாக இருந்திருக்கலாமே என்பது இன்னொரு ஐயம். பாறையில் உள்ள சிர்க்கான் என்னும் கனிமப் படிகத்தில் யுரேனியம்-238, யுரேனியம்-235 இரண்டும் வெவ்வேறு வேகத்தில் வெவ்வேறு ஈயங்களாக மாறுகின்றன. வேகங்கள் மாறியிருந்தால் ஒரே படிகத்தில் இரு கணக்கும் ஒத்துப்போகக் காரணமில்லை. சேதமடையாத படிகங்களில் அவை ஒத்தே வருகின்றன.

குழம்பு உறைந்தபோது விளைந்த சிர்க்கான் உட்கருவையும், பாறை மீண்டும் வெந்தபோது வளர்ந்த விளிம்பையும் தனித்தனியே அளக்க முடிந்த பிறகு ஹாலண்டு தொடங்கிய வழக்கே உருமாறியது. சென்னை வட்டாரத்தில் குழம்பு உறைந்ததும், அந்தப் பாறை மீண்டும் வெந்ததும் பூமியின் கணக்கில் அடுத்தடுத்து நடந்தவை. முந்தைய முறைகளின் பிழை எல்லைக்குள்ளேயே அந்த இடைவெளி அடங்கிவிட்டதால், இரு தரப்பும் தத்தம் நிகழ்வையே முழுக்கதையாகக் கொள்ள இடமிருந்தது. தீப்பாறையாகப் பிறந்து உருமாறிய பாறை என்று கொண்டால் ஹாலண்டின் அவதானிப்புகளில் பெரும்பகுதியைக் கைவிட வேண்டியதில்லை. உருமாற்றத்தை மறுத்த அவருடைய முடிவைத்தான் கைவிட வேண்டும்.