ஆஸ்பிரினும் இரண்டு ராசிகளும்

புதிய மருந்தொன்று பலருடைய உயிரைக் காத்தது என்ற செய்தி காதில் விழுந்த மாத்திரத்தில், யாருக்கு அது பலித்தது, யாருக்குப் பலிக்கவில்லை என்று கேட்கத் தோன்றுவது மனித சுபாவம். 1948-இல் ஆஸ்டின் பிராட்போர்டு ஹில் என்னும் ஆங்கிலேயப் புள்ளியியல் அறிஞர், க்ஷயரோகிகள் 107 பேரை எவருடைய இஷ்டத்துக்கும் விடாமல் இரு பிரிவாக்கி, ஸ்ட்ரெப்டோமைசினின் குணத்தைப் பரீட்சித்த முறை, ஒரு கூட்டத்துக்கு மருந்தால் அனுகூலம் உண்டா என்பதற்கு ஐயமற விடை தந்தது. அக்கூட்டத்துக்குள் எவருக்கு அனுகூலம் என்ற கேள்விக்கு அதனிடம் விடை இல்லை.

அவ்விடையை அவசரமாகத் தேடியதன் விளைவைக் கானடா தேசத்துப் பரீட்சை ஒன்று காட்டுகிறது. பக்கவாதத்துக்கு முன்னறிகுறி கண்ட 585 பேரிடம் நடத்தி 1978-இல் பிரசுரித்த அந்த ஆராய்ச்சியில், ஆஸ்பிரின் பக்கவாதத்தையும் மரணத்தையும் குறைத்தது. ஆயினும் ஆண், பெண் என்று பிரித்துப் பார்த்தபோது, ஆண்களிடம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்த அபாயம் பெண்களிடம் குறையவே இல்லை. பரீட்சையில் இருந்த பெண்களோ ஆண்களைவிடக் குறைவானவர்கள். அவர்களுக்கு நேர்ந்த பக்கவாதங்களும் சொற்பமே. சொற்பமான எண்ணிக்கையில் தற்செயல் எந்த வேஷமும் போடும். இதைப் பொருட்படுத்தாமல், அமெரிக்க மருந்து நிர்வாகம் 1980-இல் இக்காரியத்துக்கு ஆஸ்பிரினை ஆண்களுக்கு மட்டுமே அங்கீகரித்தது. பெண்களுக்கும் அது சமமாகவே உதவுகிறது என்று பெரிய தொகுப்பாய்வுகள் காட்டிய பிறகு, 1998-இல்தான் அந்த பேதம் நீங்கியது. இடைப்பட்ட காலத்தில் அம்மருந்து மறுக்கப்பட்ட பெண்களை நினைத்தால், இதை வெறும் கணக்குப் பிழை என்று சொல்ல மனம் வருவதில்லை.

1988-இல் ஆக்ஸ்போர்டிலிருந்து ரிச்சர்டு பீட்டோ, ரோரி காலின்ஸ் முதலியோர் வெளியிட்ட ஐசிஸ்-2 என்னும் மாபெரும் ஆராய்ச்சியில், மாரடைப்பு நேர்ந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட 17,187 நோயாளிகள் பங்குகொண்டனர். ஐந்து வாரங்களில் இதய, இரத்தக்குழாய் நோயால் இறந்தவர்கள் ஆஸ்பிரின் பெற்றோரில் நூற்றுக்கு 9.4 பேர், பெறாதோரில் 11.8 பேர். உட்பிரிவுகளின் கணக்கையும் தரவேண்டும் என்று லான்செட் பத்திரிகை கேட்டபோது, ஆசிரியர்கள் மறுக்கவில்லை. ஆனால் நோயாளிகளைப் பிறந்த ராசிப்படியும் (நம் பஞ்சாங்கப்படி அன்று, மேனாட்டுக் கணக்குப்படி) பிரித்துக் காட்டினார்கள். மிதுனத்திலும் துலாத்திலும் பிறந்தவர்களுக்கு ஆஸ்பிரின் சற்றுத் தீங்கே செய்ததென்றும், ஏனைய ராசிக்காரர்களுக்கு வெகுவாக நன்மை செய்ததென்றும் அக்கணக்கு கூறியது! இவ்வளவு கௌரவமான பத்திரிகையில் இவ்வளவு பயனுள்ள பரிகாசம் வெளிவந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பரிகாசத்துக்குள் இருந்த தர்க்கம் கண்டிப்பானது. உண்மையில் எவ்வித பேதமும் இல்லாத பன்னிரண்டு பிரிவுகளை, இருபதில் ஒரு முறை தவறலாம் என்ற அளவுகோலால் தனித்தனியே சோதித்தால், எங்காவது ஓரிடத்திலேனும் பொய்யான பேதம் தென்படுவதற்கு நூற்றுக்கு 46 வாய்ப்பு உண்டு. ஆகவே, பெண்களுக்குப் பலித்ததா என்று தனியே கேட்பதை விடுத்து, ஆண்களுக்குக் கிடைத்த பலனுக்கும் பெண்களுக்குக் கிடைத்த பலனுக்கும் உள்ள வித்தியாசம் தற்செயலை விஞ்சியதா என்று கேட்பதே முறை. பலன் கூடுவதும் குறைவதும் சாதாரணம், நன்மை தீமையாகத் தலைகீழாவது அபூர்வம் என்று பீட்டோ முன்பே வற்புறுத்தியிருந்தார்; அவ்வாறு தலைகீழாவதைச் சோதிப்பதற்கென்றே கெயில், சைமன் என்னும் இருவர் 1985-இல் ஒரு முறையை வகுத்தார்கள்.

அந்த அபூர்வமும் ஒருநாள் நிகழ்ந்தது. கிழக்காசியாவில் நுரையீரல் புற்றுநோயாளிகள் 1,217 பேரிடம் ஜெஃபிட்டினிப் மாத்திரையையும் வழக்கமான கீமோதெரபியையும் ஒப்பிட்டு 2009-இல் வெளிவந்த பரீட்சையில், கட்டியில் உள்ள மரபணு மாற்றத்தைப் பார்ப்பதென்பது, அது ஏன் முக்கியம் என்ற காரணத்தோடு, திட்டத்திலேயே இடம்பெற்றிருந்தது. மாற்றம் உடையவர்களில் மாத்திரையால் கட்டி சுருங்கியது நூற்றுக்கு 71 பேருக்கு. அது இல்லாதவர்களில் சுமார் ஒருவருக்கு. பின்னவர்களுக்குப் பழைய கீமோதெரபியே மேலானதாயிருந்தது.