லெக்கர்: ஒரு பாராட்டுச் சொல்லின் சரித்திரம்

ஒரு பாஷை மற்றொன்றினிடமிருந்து பொருட்பெயர்களைக் கடன் வாங்குவதில் வியப்பொன்றுமில்லை. முன்பு காணாத பொருளைக் கண்டவன் அதன் பெயரையும் சேர்த்தே பெற்றுக்கொள்கிறான். ஆனால் 'நன்று' என்று சொல்வதற்கு எந்தப் பாஷையிலும் பஞ்சம் இராது. அவ்வாறிருந்தும், தென்னாப்பிரிக்காவில் வழங்கும் ஆங்கிலம், தன்னிடம் நிறைந்து கிடக்கும் புகழ்மொழிகள் போதாவென்று, டச்சிலிருந்து கிளைத்த ஆப்பிரிக்கான்ஸ் பாஷையினின்றும் பாராட்டுச் சொற்களை எடுத்து ஆண்டுவருவது ஆராயத்தக்கதாகும்.

இவற்றுள் தலையாயது 'லெக்கர்'. 1652ஆம் ஆண்டில் யான் வான் ரீபெய்க்கின் தலைமையில் நன்னம்பிக்கை முனைப் பிரதேசத்தில் வந்திறங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் நாவோடு வந்த இச்சொல், நக்குதல் என்னும் பொருளுடைய பழைய ஜெர்மானியத் தாதுவினின்று பிறந்ததாதலால், ஆதியில் சுவையான பண்டத்தையே குறித்தது. டச்சு மொழியிலேயே அது உணவைக் கடந்து, நல்ல உறக்கத்துக்கும் இதமான வானிலைக்கும் அடைமொழியாயிற்று. அதே தாது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் புகுந்தபோதோ, காமுகனைச் சுட்டும் 'லெச்சர்' என்ற வசைச்சொல்லாக முடிந்தது. ஒரு வழியில் வசையாய் வந்த உறவினனை அறியாமலே, தென்னாப்பிரிக்க ஆங்கிலம் மற்றொரு வழியில் வந்த இவனை வாழ்த்தாக வரவேற்றது. அங்கே மிட்டாய்கள் 'லெக்கர்ஸ்'. விடுமுறையும், கடற்குளியலும், பழகுதற்கினிய மனிதரும் லெக்கர். உள்நாட்டுச் சரக்கை ஆதரிக்கும் கோஷம் 'லோக்கல் இஸ் லெக்கர்'. பிறன் தன் வினையால் அல்லலுறக் கண்டு 'நன்றாய் வேண்டும்' என்று நாம் சொல்லுமிடத்தில், ஆப்பிரிக்கான்ஸ்காரர் 'லெக்கர் க்ரை' என்பர். நல்ல சொல்லே ஏளனத்துக்கும் உதவுவதில் இரு பாஷைகளும் ஒத்திருக்கின்றன.

இந்தக் கடன் எவ்வாறு நேர்ந்தது? 1806இல் பிரிட்டிஷார், கேப் என வழங்கும் அந்த முனைப் பிரதேசத்தை இரண்டாம் முறையாகக் கைப்பற்றினர். 1820இல் ஆங்கிலக் குடியேறிகள் ஆயிரக்கணக்கில் வந்து, டச்சு வம்சத்து விவசாயிகளுக்கு அண்டையில் வசிக்கலாயினர். விருந்தும் விற்பனையும் கலந்த அவ்வாழ்க்கையிலே பாராட்டும் கைமாறியது. முன்சொன்ன டச்சுக் கம்பெனி 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தையும் ஆண்டது. ஆனால் இலங்கைத் தமிழில் அது விட்டுச்சென்ற சொற்களுள் குறிப்பிடத்தக்கவை 'கந்தோர்' போன்ற அலுவற்பெயர்கள். ஆள்வோன் அலுவலகத்துக்குள் இருந்தால் அலுவலகத்தின் பெயர் வரும். 'இது நன்று' என்னும் சொல் வருவதற்கு ஒருவர் பந்தியில் மற்றொருவர் அமர வேண்டும்.

ஆப்பிரிக்கான்ஸும் ஒரே குலத்தார் வளர்த்த பாஷையன்று. 'பாயெ லெக்கர்', அதாவது மிகவும் நன்று, என்பதிலுள்ள 'பாயெ', 'பாஞாக்' என்ற மலாய்ச் சொல்லின் சிதைவு. கீழ்த்திசைத் தீவுகளிலிருந்தும், நம் சோழமண்டலக் கரையிலிருந்தும், மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்டோர் எஜமானரின் டச்சைத் தம் வாயில் உருமாற்றினர். அங்ஙனம் உருவான பாஷை 1925இல் அரசாங்க அந்தஸ்துப் பெற்றுப் பிற்காலத்தில் நிறவெறி ஆட்சியின் கருவியாயிற்று. 1976 ஜூன் 16 அன்று, அது பள்ளிகளில் போதனா மொழியாகத் திணிக்கப்பட்டதை எதிர்த்து ஊர்வலம் சென்ற சோவெட்டோ என்னும் கறுப்பர் குடியிருப்பின் மாணவர்களுள் பலர் துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையாயினர்.

இங்கேதான் 'க்வாய்' என்ற ஆப்பிரிக்கான்ஸ் சொல்லின் கதை பொருட்செறிவுடையதாகிறது. கடிநாயையும் கடுங்கோபியையும் குறித்த இவ்வடைமொழி, நகர்ப்புறக் கறுப்பரிடையேயும் கேப் நகரத் தெருக்களிலும் பொருள் தலைகீழாகி, 'வெகு பிரமாதம்' என்னும் பாராட்டாயிற்று. 1990களில் ஜோஹன்னஸ்பர்க் சுற்றுப்புறங்களில் எழுந்த 'க்வைட்டோ' இசைக்குப் பெயரளித்ததும் இச்சொல்லே என்பது பலர் கூறும் விளக்கம்.

பள்ளியில் ஒரு பாஷையை உயிர்கொடுத்து மறுத்த மக்களே, அதன் பாராட்டுச் சொல்லைத் தெருவில் வைத்துக்கொண்டதில் முரண்பாடு இல்லை. பாடத்தை ஆணை பிறப்பித்துக் கற்பிக்கலாம். மனமுவந்து சொல்லும் சொல்லைச் சொல்பவனே தேர்ந்துகொள்கிறான். ஆகவே ஒரு தேசத்தில் எந்த மக்கள் எவருடன் உண்மையில் கலந்து வாழ்ந்தனர் என்பதை அறிய விரும்புவோர், சட்டப் புத்தகங்களோடு இத்தகைய புகழ்மொழிகளையும் சாட்சிக்கு அழைக்க வேண்டும்.