விளம்பரக் கணக்கும் அதன் சாட்சிகளும்

விளம்பரத்திற்குச் செலவிட்ட பணம் விற்பனையாகத் திரும்பியதா என்ற கேள்வி சமூக ஊடகங்களோடு பிறந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் அஞ்சல்வழி விற்பனை பெருகியபோதே அது வணிகர்களின் கணக்கேட்டில் இடம்பிடித்துவிட்டது. ஒரே விளம்பரத்தைப் பல இதழ்களில் வெளியிட்ட வணிகர், வாசகர் வெட்டி அனுப்பவேண்டிய கூப்பனில் தம் முகவரியோடு ஒரு பிரிவு எண்ணையும் அச்சிட்டு, அந்த எண்ணை இதழுக்கு இதழ் மாற்றிவைத்தார். அப்படியொரு பிரிவு அவருடைய நிறுவனத்தில் இருக்கவேண்டிய அவசியமில்லை. வந்து சேரும் உறையைப் பார்த்தவுடனேயே அந்த ஆர்டர் எந்த இதழின் வழியாக வந்தது என்று எழுத்தர் குறித்துக்கொள்வதற்கான அடையாளம் அது. இதழுக்குக் கட்டிய கட்டணத்தை அவ்வாறு வந்த ஆர்டர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஓர் ஆர்டரைப் பெற ஆன செலவு கிடைத்தது. இம்முறையை ஒரு கோட்பாடாகவே வளர்த்தவர் கிளாட் ஹாப்கின்ஸ். 1923-இல் வெளிவந்த 'சயின்டிஃபிக் அட்வர்டைசிங்' என்ற நூலில், தலைப்பு முதல் விலை வரை எதையும் சிறிய அளவில் சோதித்துப் பார்த்த பிறகே பெருந்தொகையைச் செலவிடவேண்டும் என்று அவர் வலியுறுத்தினார்.

ஆயினும் கூப்பனுக்கு ஓர் எல்லை உண்டு. விளம்பரத்தைப் படித்துவிட்டு நேரே கடைக்குப் போய்ப் பொருளை வாங்கியவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். விளம்பரமே இல்லாவிட்டாலும் வாங்கியிருக்கக்கூடியவரோ கூப்பனை அனுப்பிய காரணத்தால் விளம்பரத்தின் வெற்றியாகவே பதிவாவார்.

இதைவிடப் பெரிய சிக்கல் எண்ணுகிறவர் யார் என்பதில் இருந்தது. விளம்பரக் கட்டணம் இதழின் விற்பனைப் படிகளைச் சார்ந்திருந்தமையால் பதிப்பாளர்கள் அந்த எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அதற்கு மாற்றாக 1914-இல் வட அமெரிக்காவில் விளம்பரதாரர், விளம்பர முகவர், பதிப்பாளர் ஆகிய முத்தரப்பினரும் சேர்ந்து ஆடிட் பீரோ ஆஃப் சர்குலேஷன்ஸ் என்ற தணிக்கை அமைப்பை நிறுவினர். அதே பெயரில் 1948-இல் இந்தியாவில் தோன்றிய அமைப்பு ஆறு மாதத்திற்கு ஒருமுறை இதழ்களின் விற்பனை எண்ணிக்கைக்குச் சான்றளித்து வருகிறது. விற்பவரின் சொல் மட்டுமே சாட்சியாகாது என்ற நெறியை நிலைநாட்டிய இந்த ஏற்பாட்டை விளம்பரத் தொழிலின் தலையாய சீர்திருத்தம் என்று கருதுவதே பொருந்தும்.

1994 அக்டோபரில் ஹாட்வயர்ட் இணைய இதழில் முதல் பட்டை விளம்பரங்கள் வெளிவந்தபோது எண்ணும் பொறுப்பு கணினிக்கு மாறியது. அதே ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் உருவான குக்கீ, அதாவது பயனரின் உலாவியில் தளம் விட்டுச்செல்லும் சிறு அடையாளக் கோப்பு, ஒருவரைத் தளத்துக்குத் தளம் பின்தொடர வழிசெய்தது.

சமூக ஊடகம் இவ்வழியில் வெகுதூரம் சென்றது. 2007 நவம்பரில் ஃபேஸ்புக் வணிகப் பக்கங்களையும் புதிய விளம்பர முறையையும் அறிமுகப்படுத்தியது. 2009-இல் லைக் பொத்தான் வந்தது. விளம்பரம் திரையில் தோன்றிய தடவைகள் இம்ப்ரெஷன் என்றும், அதைக் கண்ட தனித்தனி ஆட்களின் எண்ணிக்கை ரீச் என்றும், லைக், கருத்து, பகிர்வு ஆகியவற்றின் கூட்டு எங்கேஜ்மென்ட் என்றும் வழங்கலாயின. இம்மூன்றும் கவனத்தின் அளவுகளே, விற்பனையின் அளவுகள் அல்ல. விற்பனையைத் தொடுவது கன்வர்ஷன் எனப்படும் நான்காவது அளவு: வணிகரின் தளத்தில் பதிக்கப்படும் பிக்சல் என்ற சிறு நிரல், விளம்பரம் கண்டவர் பொருளை வாங்கியதும் அச்செய்தியை ஊடக நிறுவனத்திற்குத் தெரிவிக்கிறது. இவ்வாறு விளம்பரத்தை விற்றவரே அதன் பலனையும் எண்ணுபவராக மீண்டும் ஆனார்.

அதன் விளைவு 2016-இல் வெளிப்பட்டது. வீடியோவைச் சராசரியாக எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்ற கணக்கில், மூன்று விநாடிக்குக் குறைவாகப் பார்த்தவர்களை ஃபேஸ்புக் வகுக்கும் எண்ணில் சேர்க்காமல் விட்டிருந்தது. பத்துப் பேரில் நால்வர் இரண்டு விநாடியும் அறுவர் பன்னிரண்டு விநாடியும் பார்த்தால் மொத்தம் 80 விநாடி, சராசரி 8 விநாடி. அந்த 80-ஐ ஆறால் மட்டும் வகுத்தாலோ 13 விநாடிக்கு மேல் வரும். உண்மையில் 60 முதல் 80 விழுக்காடு வரை சராசரி மிகுந்து காட்டப்பட்டிருக்கலாம் என்று நிறுவனமே விளம்பர முகவர்களிடம் தெரிவித்தது. அடுத்த ஆண்டு தன் அளவீடுகளை மீடியா ரேட்டிங் கவுன்சில் என்ற வெளி அமைப்பின் தணிக்கைக்கு உட்படுத்த அது இசைந்தது. அச்சு இதழ்கள் 1914-இல் ஏற்ற கட்டுப்பாடு, நூறாண்டு கழித்து, அதுவும் பிழை அம்பலமான பின்னரே புதிய ஊடகத்தை எட்டியது என்பது வருந்தத்தக்கது.

எண்ணிக்கை நேர்மையாக இருந்தாலும், விளம்பரம் இல்லாமலே வாங்கியிருப்பார்களா என்ற பழைய ஐயம் தீர்வதில்லை. அதைத் தீர்க்கும் வழி, ஒரு சாராருக்கு விளம்பரத்தைக் காட்டி, குலுக்கல் முறையில் பிரித்த மறு சாராருக்குக் காட்டாமல் நிறுத்தி, இரு சாராரின் கொள்முதலையும் ஒப்பிடுவதாகும். ஈபே நிறுவனம் தேடுபொறி விளம்பரங்களைச் சில பகுதிகளில் நிறுத்திப் பார்த்த சோதனை 2015-இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தது. தன் பெயரைத் தேடியவர்களுக்குக் காட்டிய விளம்பரத்தை நிறுத்தியபோதும் அவர்களில் ஏறத்தாழ அனைவரும் கட்டணமில்லா இணைப்பின் வழியே அத்தளத்திற்கே வந்து சேர்ந்தனர். ஃபேஸ்புக்கில் நடந்த 15 சோதனைகளை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வு, குலுக்கல் இல்லாத வழக்கமான கணக்கீட்டு முறைகள் விளம்பரத்தின் பலனைப் பலமுறை மிகைப்படுத்தின என்று காட்டியது.

2021 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம், செயலிகள் பயனரைப் பின்தொடர அவருடைய அனுமதியைக் கேட்கவேண்டும் என்று விதித்ததிலிருந்து பிக்சலின் பார்வை சுருங்கி, பல கன்வர்ஷன்கள் நேரே எண்ணப்படாமல் மதிப்பீடு செய்யப்படுகின்றன. சோதனை முறையோ பெருநிறுவனங்களுக்கே கடினமாக இருக்கிறது. ராண்டல் லூயிஸ், ஜஸ்டின் ராவ் இருவரும் அமெரிக்க நிறுவனங்களின் 25 பெரிய சோதனைகளை 2015-இல் ஆராய்ந்தபோது, அவற்றுள் பெரும்பாலானவை பல இலட்சக்கணக்கானோரைச் சென்றடைந்திருந்தும், ஆளுக்கு ஆள் மாறும் கொள்முதலின் ஏற்ற இறக்கம் விளம்பரத்தின் விளைவைவிட மிகப் பெரிதாக இருந்தமையால், செலவு இலாபமாக முடிந்ததா நட்டமாக முடிந்ததா என்பதையே பல சோதனைகளில் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. மாதம் சில ஆயிரம் ரூபாய்க்கு விளம்பரம் செய்யும் ஒரு துணிக்கடைக்காரர் தம் கைப்பேசியில் காணும் கன்வர்ஷன் எண்ணிக்கையும் இந்த ஐயத்திற்கு விலக்கன்று.