சயாம் ரயில் – 9: நான்கு விரல் வித்தியாசம்

போர்க்காலத்தில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட ரயில் பாதையின் இரு முனைகளும் கொன்கொய்த்தாவில் சேர்ந்த கதை இந்த வாரம் என்று சொல்லியிருந்தேன். அதற்கு முன் சூடானுக்கு ஒரு நடை போய்வந்துவிடுவோம்.

1897, நுபியப் பாலைவனம். வாடி ஹல்ஃபாவிலிருந்து அபு ஹமீதுக்கு நைல் நதி பெரிதாக வளைந்து சுற்றிப் போகிறது. குறுக்கே போனால் சுமார் 370 கிலோமீட்டர், வெறும் மணல். அதில்தான் ரயில் பாதை போட வேண்டும் என்று பிரிட்டிஷ் தளபதி கிட்ச்னர் பிடிவாதம் பிடித்தார். முடியாது என்று சொன்ன நிபுணர்கள் பலர். பொறுப்பேற்றவர் பெர்சி ஜிரூவார், முப்பது வயதுக் கனடாக்காரர். ஏகாதிபத்தியத்தின் கையாள்தான், ஆனாலும் எனக்கு அந்த மனிதரைப் பிடிக்கும். வழியில் இரண்டு இடங்களில் தோண்டியதில் தண்ணீர் கிடைத்தது. எஞ்சின் பற்றவில்லை. தென்னாப்பிரிக்காவுக்குப் போகவிருந்தவற்றை செசில் ரோட்ஸிடம் கேட்டு வாங்கினார்கள். இரண்டு ஊரிலும் தண்டவாள அகலம் 1067 மில்லிமீட்டர் என்பதால் அவை பொருந்தின. ஜனவரியில் தொடங்கிய பாதை அக்டோபர் 31-இல் அபு ஹமீதைத் தொட்டது.

ஜப்பானிலும் அதே 1067தான். மலாயா, சயாம், பர்மா மூன்றிலும் ஒரு மீட்டர். நான்கு விரல் வித்தியாசம். அதற்காக சி56 ரக எஞ்சின்கள் 90-ஐச் சக்கரம் நெருக்கி அனுப்பினார்கள். 1943 அக்டோபர் 17-இல் கொன்கொய்த்தாவில் 415 கிலோமீட்டர் பாதை சேர்ந்தது, 25-இல் விழா, வண்டியை இழுத்தது 31-ஆம் எண் எஞ்சின். விழாவுக்கு இவ்வளவு போதும். அந்த எஞ்சின் இன்று தோக்கியோவில் யசுகுனி ஆலய அருங்காட்சியகத்தில் பளபளவென்று நிற்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை.

ஆட்களை அனுப்ப எந்தச் சக்கரத்தையும் நெருக்க வேண்டியிருக்கவில்லை. சிங்கப்பூரிலிருந்து சயாமின் பான் போங் வரை ஒரே அகலம். ஜொகூரில் உள்ள நம் பாலோ ஸ்டேஷன் அந்தத் தடத்தில்தான் இருக்கிறது. 1943 ஏப்ரலில் 'எஃப்' படை எனப்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏழாயிரம் பேர் இரும்புச் சரக்குப் பெட்டிகளில் பாலோவைக் கடந்துதான் போனார்கள். அவர்களில் சுமார் 3,100 பேர் திரும்பவில்லை.

தோட்டத்துச் சனங்களும் இதே பாதையில் போனவர்கள்தான். ரப்பரை வாங்க ஆளில்லை, அரிசிக்குத் தட்டுப்பாடு. கொஞ்ச நாள் வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்றதும் சிலர் தாமாகவே ஏறினார்கள், பலர் பிடித்து ஏற்றப்பட்டார்கள். மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கும் மேல், பெரும்பாலும் தமிழர்கள். கைதிகளோடு அவர்களுடைய படை மருத்துவர்களாவது போனார்கள். காலரா வந்தபோது நம் ஆட்களுக்கு அதுவும் இல்லை.

ஜப்பான்காரனைத் திட்டுவது சுலபம். லயத்து வாசலில் நின்று பெயர் எழுதிக் கொடுத்த கிராணிகளும் கங்காணிகளும் இருந்தார்கள். அடுத்த வாரம் அவர்களிடம் வருகிறேன்.