வலையமைப்புக் கேபிள் சோதனைக் கருவிகள்

கணினி வலையமைப்பின் செப்பு, ஒளியிழைக் கேபிள்கள் தரவைச் சரியாகக் கடத்துகின்றனவா, இல்லையெனில் பழுது எந்த இடத்தில் என்று கண்டறிய உதவும் கருவிகள். சில நூறு ரூபாய் டெஸ்டர் முதல் பல லட்சம் ரூபாய்ச் சான்றளிப்புக் கருவி வரை இவ்வகையில் அடங்கும்.

ஈதர்நெட் கேபிளின் எட்டுக் கம்பிகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கும். சாதாரண எல்இடி டெஸ்டர் அவற்றில் ஒவ்வொன்றாக மின்சாரம் செலுத்தும். மறுமுனையில் அதே எண் விளக்கு எரிய வேண்டும். அறுந்த கம்பியும் இடம் மாறிய கம்பியும் இதில் அகப்படும். அகப்படாதது பிரிந்த இணை. ஆர்ஜே-45 முனையில் 3, 6 ஆகிய பின்கள் ஒரே இணைக்கு உரியவை. நிற வரிசை அறியாதவர் இரு முனைகளிலும் 1-2, 3-4, 5-6, 7-8 என இணைகளை அடுத்தடுத்துச் செருகினால் எட்டு விளக்குகளும் ஒழுங்காகவே எரியும். இணைகளுக்கிடையே குறுக்கீடு பெருகி வேகம்தான் படுத்துவிடும். விளக்கு எரிவதை மட்டும் நம்பி வேலையை முடித்துக்கொடுப்பது சரியல்ல.

பழுதின் தூரத்தை அறிய டிடிஆர் பயன்படுகிறது. இது கேபிளில் மின்துடிப்பை அனுப்பி, அறுந்த அல்லது ஒட்டிக்கொண்ட இடத்தில் மோதித் திரும்பும் எதிரொலியின் நேரத்தை அளக்கிறது. ஈதர்நெட் கேபிளில் துடிப்பின் வேகம் ஒளிவேகத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. கேபிளுக்குரிய இந்த வேக மதிப்பைத் தவறாகக் கொடுத்தால் தூரமும் தவறும். சில ஸ்விட்சுகளிலேயே இவ்வசதி உண்டு.

கட்டுக்கட்டாக ஓடும் கேபிள்களில் ஒன்றை அடையாளம் காண, கேபிளில் ஒலிச் சமிக்ஞையை ஏற்றும் டோனர் உதவும். ஒரே இணையின் இரு கம்பிகளில் ஒலியை ஏற்றினால் முறுக்கு அதை அடக்கிவிடும். வெவ்வேறு இணைகளின் கம்பிகளில் ஏற்றினால் நன்றாகக் கேட்கும்.

சான்றளிப்புக் கருவி கேட் 6 கேபிளை 250 மெகாஹெர்ட்ஸ் வரையும் கேட் 6ஏ கேபிளை 500 மெகாஹெர்ட்ஸ் வரையும் சோதித்து, குறுக்கீடு, இழப்பு, நீளம் ஆகியவற்றை அளக்கிறது. சுவருக்குள் நிலையாகப் பதிக்கும் கேபிளுக்கு வரம்பு 90 மீட்டர். செம்பு பூசிய அலுமினியக் கம்பியை நல்ல செம்பு என்று விற்றிருந்தால் எல்இடி டெஸ்டர் ஏமாறும், மின்தடை அளவீடு காட்டிக்கொடுக்கும். கேபிள் வழியே மின்சாரம் பெறும் கேமராக்களுக்கு இச்சோதனை அவசியம்.

ஒளியிழையில் இழப்பை அளக்கப் பவர் மீட்டரும், பழுதின் தூரத்துக்கு ஓடிடிஆரும் உள்ளன. பேனா வடிவச் சிவப்பு லேசர், அருகிலுள்ள முறிவை ஒளிரச் செய்து காட்டும். தரவைச் சுமக்கும் அகச்சிவப்பு ஒளியோ கண்ணுக்குத் தெரியாது. அதனால் இழை முனையை நேராக உற்றுப் பார்க்கக் கூடாது.