கதையை முதலிலேயே சொல்லிவிடலாம்: ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்துக்கு மாணவரை ஆயத்தப்படுத்தல்

பாசல் நகரைச் சேர்ந்த தாமஸ் பிளாட்டர் என்னும் பயணி, 1599 செப்டம்பர் 21 அன்று மதிய உணவுக்குப் பின் தேம்ஸ் ஆற்றைக் கடந்து, கூரை வேய்ந்த ஓர் அரங்கில் ஜூலியஸ் சீசரைப் பற்றிய துன்பியல் நாடகம் பார்த்ததாக எழுதிவைத்திருக்கிறார். ஏறத்தாழ 15 பாத்திரங்கள் வந்ததையும் முடிவில் நடிகர்கள் ஆடியதையும் அவர் குறித்துள்ளார். அந்த அரங்கு அவ்வாண்டு எழுந்த குளோப் என்றும், நாடகம் ஷேக்ஸ்பியருடையது என்றும் ஆய்வாளர் பலர் கொள்கின்றனர். அரங்கில் திரண்டிருந்த கூட்டத்தில் பலருக்குச் சீசர் கொலையுண்டு விழப்போவது முன்பே தெரியும். அந்தக் கொலை எப்படி நியாயப்படுத்தப்படும், அந்த நியாயம் எத்தனை நேரம் நிற்கும் என்பதைக் காணவே அவர்கள் வந்தார்கள்.

நம் வகுப்பறைகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. கதை கடைசிவரை மறைந்திருக்கிறது. தீர்ப்பு முதல் நாளே வந்துவிடுகிறது. நாடகாசிரியரின் வாழ்க்கை வரலாறு, அரங்கின் படம், ஆய்வாளர் டில்யார்ட் 1943இல் வரைந்து காட்டிய ஒழுங்கான எலிசபெத் கால உலகப்பார்வை ஆகியவற்றை அடுத்துப் பாத்திரப் பண்பு நலன்கள் வருகின்றன. புரூட்டஸ் உயர்ந்த நோக்கமுடைய தேசப்பற்றாளர், காசியஸ் பொறாமைக்காரர், ஆண்டனி சூழ்ச்சிக்காரர் என்று கைடுகள் எழுதித் தருவதை மாணவர் மனப்பாடம் செய்துகொண்டு நாடகத்துக்குள் நுழைகின்றனர். முதல் மூன்றாலும் பெரிய கேடில்லை. பண்பு நலன் பட்டியல்தான் கேடு செய்கிறது. சீசரைக் கொன்றதில் புரூட்டஸ் செய்தது சரியா என்ற கேள்வியை ஐந்து அங்கங்களிலும் நாடகம் திறந்தே வைத்திருக்க, மாணவர் விடையைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்குகிறார்.

ஆகவே கதையை முதலிலேயே கொடுத்துவிடலாம், தீர்ப்பை மட்டும் தள்ளிவைக்கலாம் என்பதே இங்கு என் வாதம். கதையை ஷேக்ஸ்பியருக்குக் கிடைத்த வடிவிலேயே கொடுப்பது நல்லது. கிரேக்க அறிஞர் புளூட்டார்க் எழுதிய வாழ்க்கை வரலாறுகளை ழாக் அமியோவின் பிரெஞ்சு வடிவம் வழியாகத் தாமஸ் நார்த் 1579இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். சீசர் வரலாற்றின் கடைசிப் பக்கங்களும் புரூட்டஸ் வரலாற்றின் நடுப்பகுதியும் போதும். எலிசபெத் கால ஆங்கிலம் உரைநடையாக முதலில் காதில் விழுவதால் செய்யுள் மீதுள்ள அச்சமும் தணியும். மொழி புரியவில்லை என்று மாணவர் சொல்லும்போது, மேடையில் யார் யாரிடம் எதற்காகப் பேசுகிறார் என்பதே பல நேரம் புரியாமல் இருக்கிறது.

மூலத்தைக் காட்டினால் நாடகம் வெறும் தழுவலாகத் தோன்றிவிடாதா என்று கேட்கலாம். நடப்பது இதற்கு மாறானது. சீசர் தம் எதிரி பாம்பியின் மைந்தர்களை வென்றதற்கான வெற்றி ஊர்வலம் கி.மு. 45 அக்டோபரில் நடந்தது. லூபர்காலியா விழா அடுத்த பிப்ரவரியில் வந்தது. நாடகத்தில் இரண்டும் ஒரே நாள். சீசருக்கு வலிப்பு நோய் இருந்ததைப் புளூட்டார்க் சொல்கிறார். ஒரு காது கேட்காது என்பதை ஷேக்ஸ்பியர் சேர்க்கிறார். உலகை ஆளும் மனிதருக்கு ஒரு பக்கத்துப் பேச்சு மட்டுமே கேட்கிறது என்ற இந்தச் சேர்க்கையை, மூலம் அறியாத மாணவர் கவனிக்காமல் தாண்டிவிடுவார்.

எல்லாவற்றிலும் வளமான இடம் மூன்றாம் அங்கத்தின் இரண்டாம் காட்சி. புளூட்டார்க்கின் புரூட்டஸ் வரலாற்றில் சீசரின் உயில் முதலில் திறக்கப்படுகிறது. குடிமகன் ஒவ்வொருவருக்கும் 75 திராக்மா என்று அறிந்ததும் மக்கள் உருகுகின்றனர். அதன் பின்னரே உடல் சதுக்கத்துக்கு வருகிறது. ஆண்டனி பேசினார், கூட்டம் இளகுவதைக் கண்டு இரத்தக்கறை படிந்த ஆடையை விரித்துக் காட்டினார் என்ற அளவில் செய்தி முடிகிறது. பேச்சின் வாசகம் அங்கே இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பியவர் ஷேக்ஸ்பியர். உயிலை ஆண்டனி காட்டுகிறார், படிக்க மறுக்கிறார், மேடையிலிருந்து இறங்குகிறார், ஆடையின் கிழிசல்களைக் காட்டுகிறார், உடலைத் திறக்கிறார். கொதித்துக் கிளம்பும் கூட்டம் உயிலையே மறந்துவிட, அவரே அவர்களை நிறுத்தி அதைப் படிக்கிறார்.

இந்தக் காட்சியைத் திறக்குமுன் ஒரு பயிற்சி தரலாம். புளூட்டார்க்கின் அந்தச் சிறு செய்தியையும் புரூட்டஸ் விதிக்கும் நிபந்தனைகளையும் மாணவரிடம் கொடுக்க வேண்டும்: கொன்றவர்களைக் குறை கூறக்கூடாது, அவர்கள் அனுமதியோடுதான் பேசுவதாகச் சொல்ல வேண்டும், புரூட்டஸ் பேசி முடித்த அதே மேடையில் அவருக்குப் பின் பேச வேண்டும். இவற்றுக்கு உட்பட்டு ஆண்டனியின் பேச்சை மாணவரே எழுதட்டும், தமிழிலோ ஆங்கிலத்திலோ. இது இன்றைய கல்வியியல் புதுமை அன்று. பண்டைக் கிரேக்க ஆசிரியர் அப்தோனியஸின் பேச்சுக்கலைப் பயிற்சி நூலை வைத்து, வரலாற்று மாந்தர் ஒருவர் குறித்த தருணத்தில் என்ன பேசியிருப்பார் என்று எழுதுவது எலிசபெத் கால இலக்கணப் பள்ளிகளில் வழக்கமான பாடம். ஒரே பொருளுக்கு இரு பக்கமும் நின்று வாதாடுவதும் அப்படியே. ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டின் பள்ளியில் அக்கால மாணவர் பதிவேடு எஞ்சவில்லை என்றாலும் ஷேக்ஸ்பியர் அங்கே படித்தார் என்றே வரலாற்றாசிரியர் கொள்கின்றனர். அந்த நாடகாசிரியரை உருவாக்கிய பயிற்சியையே அவர் நாடகத்துக்கு வாயிலாக்குவதைவிடப் பொருத்தமான முன்தயாரிப்பு எனக்குத் தெரியவில்லை. நிபந்தனைகளோடு மல்லுக்கட்டிய மாணவர், பாராட்டையே குற்றச்சாட்டாக மாற்றும் ஆண்டனியின் வழியைக் காணும்போது அதன் அருமையை உணர்வார். புரூட்டஸ் ஏன் உரைநடையில், அளந்து வெட்டிய வாக்கியங்களில் பேசுகிறார் என்ற வினாவும் தானே எழும். அவருடைய கிரேக்கக் கடிதங்களின் சுருக்க நடையைப் புளூட்டார்க் சுட்டியிருப்பது அப்போது பயன்படும்.

காலப் பின்னணி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைக் காலம் தாழ்த்தித் தர வேண்டும். 1599இல் அரசி எலிசபெத் 66 வயதை எட்டினார். அறிவிக்கப்பட்ட வாரிசு இல்லை. அவ்வாண்டு ஜூனில் ஆயர்கள் பிறப்பித்த தடையாணை, அரசவையின் ஒப்புதலின்றி ஆங்கில வரலாறுகளை அச்சிடக்கூடாது என்றது. ஆட்சியாளரைக் கொல்லலாமா என்று ரோமை வைத்துக் கேட்பதன் துணிச்சல், அந்தச் சதுக்கக் காட்சியில் கூட்டம் வெறிகொள்வதைப் பார்த்த பிறகே மாணவருக்கு உறைக்கும். முதல் நாளில் அதுவும் இன்னொரு குறிப்பாகவே போய்விடும்.

பாடத்திட்டத்தில் நேரமில்லை என்பது நியாயமான மறுப்பு. பண்பு நலன்களை எழுதிப்போடும் வகுப்புகளை விட்டாலே அந்த நேரம் கிடைக்கும். ஆனால் தேர்வுத்தாள் புரூட்டஸின் பண்பு நலன்களையே கேட்டுக்கொண்டிருக்கும்வரை தனி ஆசிரியர் செய்யக்கூடியது குறைவு. வினாக்களும் மாற வேண்டும். ஒரு வினாவை இங்கே முன்வைக்கிறேன். சதிகாரர்களுள் புரூட்டஸ் ஒருவரே பொறாமையின்றிச் செயல்பட்டவர் என்று ஆண்டனி பலமுறை வெளிப்படையாகச் சொன்னதாகப் புளூட்டார்க் போகிற போக்கில் குறிப்பிடுகிறார். அதை ஷேக்ஸ்பியர் ஃபிலிப்பிப் போர்க்களத்தில், புரூட்டஸின் உடலருகே, நாடகம் முடியும் இடத்துக்குக் கொண்டுபோகிறார். மூன்றாம் அங்கத்தில் புரூட்டஸைப் புகழ்ந்தே வீழ்த்திய அதே வாய் இங்கே புகழும்போது, அதை நம்புவதற்கு நாடகம் நமக்கு என்ன காரணம் தருகிறது?